நம் உடம்பின் கணக்கு யார் பெட்டியில்?

பட்டு முதலாளியின் கணக்குப் புத்தகத்தைக் காஞ்சிபுரத்து நெசவாளி புரட்டிப் பார்க்க முடியுமா? கொடுத்த ஜரிகை எவ்வளவு, கூலியில் பிடித்தது எவ்வளவு என்பதெல்லாம் அவர் பெட்டிக்குள் இருக்கிற ரகசியம். அதைப் போலவே இன்னொரு பெட்டியும் உண்டு. வைத்தியப் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் வைத்திருக்கும் பெட்டி அது. நம் இரத்தத்தின், சளியின், எக்ஸ்ரே படத்தின் கணக்கு அதில் இருக்கிறது.

1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒத்துழைப்போடு, செங்கற்பட்டு ஜில்லாவில் பி.சி.ஜி. ஊசிச் சோதனையைத் துவக்கியது. காஞ்சிபுரமும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. பதிவேட்டில் ஏறியவர்கள் 3,66,625 பேர்; ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,81,161 பேர். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு 15 வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

முடிவு? பெரியவர்களின் நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை. சிறு பிள்ளைகளிடம் கண்டது 27 சதவீதப் பலன்; அதுவும் உறுதியானதல்ல. (கைக்குழந்தைகளைக் கடுமையான காசத்திலிருந்து காக்க அந்த ஊசி இன்றும் தேவை, தாய்மார்கள் அதை நிறுத்திவிடக் கூடாது.) எதிர்பார்ப்புக்கு விரோதமான முடிவை மறைக்காமல் வெளியிட்ட விஞ்ஞானிகளைப் பாராட்டுகிறோம். கணக்கு ஒழுங்காக இருந்ததால்தான் உலகம் அதை நம்பியது. ஆனால் 15 ஆண்டுக் கணக்கு முழுதும் அச்சேறியது 1999-ல், இங்கிலீஷ் வைத்தியப் பத்திரிகையில்! கை நீட்டிய கூலிக்காரர்களில் எத்தனை பேர் அதற்குள் கண்மூடியிருப்பார்கள்?

"ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்பார்கள் மேதாவிகள். ஆயிரக்கணக்கான பாவு இழைகளை எண்ணி, ஜக்கார்டு அட்டையின் துளையைப் பார்த்தே பூவைச் சொல்கிறவனுக்கா 27 சதவீதம் புரியாது?

இன்று பதிவேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஒரு நொடியில் கடல் கடந்து மருந்துக் கம்பெனிக்குப் போய்ச் சேரும். 2023-ஆம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சில தரங்களைக் கடைப்பிடித்தால் போதும் என்று ஆராய்ச்சிக்கு விதிவிலக்கு அளிக்கிறது. "பெயரை எடுத்துவிட்டோமே" என்று சமாதானம் சொல்வார்கள். இன்ன தெரு, 52 வயது, கோர்வைத் தறி, காசநோய் என்று இருந்தால் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? மறுநாள் அவனுக்குப் பாவு கிடைக்குமா?

அதற்காகக் கணக்கைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. ஆளை மறை, முடிவைத் திற என்கிறோம். தடுப்பூசிச் சோதனை வழக்கில், தனி ஆட்களின் அந்தரங்கத்தைக் காத்து, சட்டப்படி வெளியிட வேண்டிய விவரங்களைத் தாமதமின்றி வெளியிட வேண்டும் என்று 2022 மே 2-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நடைமுறையில் நேர்மாறாகவும் நடக்கலாம்: ஆள் அம்பலமாவான், முடிவு அலமாரியில் தூங்கும்.

கவுன்சிலின் 2017-ஆம் வருஷத்து நெறிமுறைப்படி, சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் கமிட்டியில் சாதாரணப் பொதுஜனம் ஒருவரும் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் தறிக்காரரோ, வயலில் இறங்கி வேலை செய்கிறவரோ ஏன் உட்காரக் கூடாது?

தோழர்களே, அடுத்த தடவை இரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் கேளுங்கள்: கணக்கை எங்கே வைப்பீர்கள்? எத்தனை வருஷம்? யாருக்குக் கொடுப்பீர்கள்? முடிவை எப்போது எங்கள் தெருவில் தமிழில் படித்துக் காட்டுவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையை நீட்டுங்கள்.