நாற்பது வயதில் புது வேலை! பட்டம் இல்லாதவர் போகலாமா?

பரளச்சிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்பை மாற்றிக்கொள்வது அங்கே புதிது அல்ல. ஏர் பிடித்தவர் அருப்புக்கோட்டை மில்லுக்குப் போனார். மில்லுக்குப் போனவர் கடை வைத்தார்.

இப்போது இன்னொரு வேலை வந்திருக்கிறது. அதன் பெயர் "சைபர் பாதுகாப்பு." வங்கி, ஆஸ்பத்திரி ஆகியவற்றின் கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழையாமல் காப்பதுதான் அந்த வேலை.

வயது நாற்பது. கல்லூரிப் பட்டம் இல்லை. இந்த வேலைக்குப் போக முடியுமா?

முடியும். ஆனால், சில விளம்பரங்கள் சொல்வதுபோல் மூன்றே மாதத்தில் முடியாது!

பட்டமா? அனுபவமா?

இந்தத் தொழிலில் உலகம் மதிக்கும் தகுதி ஒன்று உண்டு. "சி.ஐ.எஸ்.எஸ்.பி." என்று பெயர். அதைப் பெறப் பரீட்சை எழுதவேண்டும். 5 ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். அதற்கேற்ற பட்டம் இருந்தால் அதில் 1 ஆண்டு குறையும். அவ்வளவுதான். மீதி 4 ஆண்டு எல்லோரும் உழைத்தே தீரவேண்டும்.

அதே அமைப்பு புதியவர்களுக்குத் தொடக்கப் பரீட்சை ஒன்றும் வைக்கிறது. அதற்குப் பட்டமும் வேண்டாம். அனுபவமும் வேண்டாம்.

அப்படி இருக்க, பல கம்பெனிகள் "பட்டம் எங்கே?" என்று முதலில் கேட்பது சரி அல்ல. "என்ன தெரியும்?" என்றுதான் கேட்கவேண்டும்.

வயதும் உதவும்

"வங்கியில் இருந்து பேசுகிறேன். ஓ.டி.பி. நம்பரைச் சொல்லுங்கள்" என்கிறான் திருடன். பல திருட்டுகள் இப்படிப் பேச்சில்தான் தொடங்குகின்றன. இருபது ஆண்டு கல்லாவில் உட்கார்ந்தவருக்குப் பேச்சை வைத்தே ஆளை எடைபோடத் தெரியும். அது பெரிய முதல்.

நகை பத்திரம்!

ஆனால் ஒன்று. "வேலை நிச்சயம்" என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்பவரை நம்பி, மனைவியின் நகையை அடகு வைக்காதீர்கள். மத்திய அரசின் "ஸ்வயம்" இணையதளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். பழகுவதற்கு "லினக்ஸ்" என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது.

பகலில் இருக்கும் வேலையைப் பாருங்கள். இரவில் ஒரு மணி நேரம் படியுங்கள். முதலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை கிடைத்தாலும் சேருங்கள். அங்கிருந்து மேலே ஏறலாம்.

யாராவது பணத்தைப் பறித்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். இதை இன்றே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். காவல் வேலையில் முதல் பாடம் அதுதான்!