நண்பரோடு கடல்மேல்



கடலோரப் பங்குகளில் வாழும் குடும்பங்களுக்குக் கடல் பிழைப்பின் களம். விடுமுறைக்கு வருவோர்க்கோ அது களிப்பின் களம். நண்பர் நால்வர் ஐவர் கூடி, ஓர் இயந்திரப் படகில் ஏறி, துறைமுகத்திற்குத் துறைமுகம் சென்று மகிழும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அத்தகைய பயணத்திற்குப் பெயர்போன ஒரு கடற்கரையை இம்மாதம் காண்போம்.

இத்தாலியின் வடமேற்கே, ஜெனோவா நகருக்குக் கிழக்கில், 600 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையொன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் ஒரு புறத்தில் கமோலி என்னும் துறைமுக ஊர், மறுபுறத்தில் போர்ட்டோஃபினோ. இவ்விரண்டிற்கும் இடையே மலையடிவாரத்தை ஒட்டிச் செல்வதே படகின் வழி.

கமோலி, கப்பலோட்டிகளின் ஊர். ஆடவர் கடலிலேயே காலங்கழித்ததால், 'மனைவியரின் இல்லம்' என்பதே ஊர்ப்பெயரின் பொருள் என மக்கள் சொல்வதுண்டு. ஆகஸ்டு முதல் ஞாயிறன்று அங்கே 'கடலின் விண்மீன்' ஆகிய தேவமாதாவின் விழா. படகுகள் பவனியாகச் சென்று கடல்முனையிலுள்ள பீடத்தை அடைகின்றன; இரவில் ஆயிரக்கணக்கான விளக்குகளை அலைமேல் மிதக்கவிடுகின்றனர். ஆகஸ்டு 5இல் தூத்துக்குடி பனிமய அன்னையின் திருநாளைக் கொண்டாடும் நம் மக்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

கமோலியைக் கடந்தால், பாறைகளுக்கிடையே சான் புருத்துவோசோ என்னும் சிறு குடா. அங்குச் செல்ல வாகனச் சாலை இல்லை; கடல்வழியே செல்ல வேண்டும், அல்லது மலையில் நடக்க வேண்டும். கரையோரமாய்ப் பழைய ஆசீர்வாதப்பர் சபை மடமும், ஜெனோவாவின் தோரியா பிரபுக்களின் கல்லறைகளும் உள்ளன. அப்பிரபுக்களின் நடுவே ஓர் ஏழைப் பெண்ணும் துயில்கிறாள். அவள் பெயர் மரியா அவேஞ்ஞோ.

1855 ஏப்ரல் 24ஆம் நாள், கிரிமியப் போருக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற 'குரோசஸ்' என்ற ஆங்கிலேயக் கப்பல் இக்குடாவின் அருகே தீப்பற்றியது. மரியாவும் கத்தரீனாவும் தம் சிறு படகில் துடுப்பு வலித்து, எரியும் கப்பலை நோக்கி விரைந்தனர். உயிருக்கு அஞ்சிய பலர் ஒருசேரப் பற்றியதால் படகு கவிழ்ந்தது. கத்தரீனா பிழைத்தாள், மரியா மாண்டாள். முன்பின் அறியாத அந்நியர்க்காக உயிர் நீத்தவளுக்குப் பிரபுக்களின் அருகே இடம் கிடைத்தது.

இதே குடாவின் அடியில், ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில், இயேசு இரு கரங்களையும் மேலே விரித்து நிற்கிறார். மூச்சுக் கருவி அணிந்து நீரில் மூழ்குவதில் இத்தாலியின் முன்னோடிகளுள் ஒருவரான டாரியோ கொன்சாட்டி, 1947இல் இவ்விடத்தில் உயிரிழந்தார். அவருடைய நண்பர் துய்லியோ மார்கான்தேயின் எண்ணத்தில் உருவானதே இச்சுரூபம். சிற்பி கிதோ கல்லெத்தி வெண்கலத்தில் வடித்தார். கப்பல் மணிகளும் பதக்கங்களும் அதற்காக உருக்கப்பட்டன. 1954 ஆகஸ்டு 22இல் அது கடலடியில் நிறுவப்பட்டது. பின்னாளில் ஒரு படகின் நங்கூரம் பட்டு அதன் கரமொன்று முறிந்தது. மேலே கொண்டுவந்து பழுதுபார்த்து, 2004இல் மீண்டும் இறக்கினர். கவனமின்றி எறியும் நங்கூரம், தாம் காணாத ஆழத்தில் என்ன செய்யும் என்பதை மேலே சிரித்துப் பேசிக்கொண்டிருப்போர் அறிவதில்லை.

குடாவைத் தாண்டி முனையைச் சுற்றினால் போர்ட்டோஃபினோ. பழைய உரோமையர் 'டால்பின் துறைமுகம்' என்றழைத்த இவ்வூரின் மேட்டில் புனித ஜார்ஜியார் ஆலயம் நின்று, வரும் படகுகளை நோக்குகிறது.

இப்பயணம் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. ஒரே படகில் ஏறிய நண்பர்கள் ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைக்கின்றனர். 2023 மே 7இல் கேரளத்தின் தானூரில், அளவுக்கு மிஞ்சி ஆளேற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். "இன்னும் ஒருவர்தானே, ஏறட்டும்" என்னும் இரக்கச் சொல்லே கடலில் கொடுமையாக மாறிவிடுகிறது.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் நண்பரோடு படகேறப் புறப்படும்போது நான்கு வினாக்களைக் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலங்கி உண்டா? படகு தாங்கும் அளவுக்குள் ஆட்கள் உள்ளனரா? போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, இடருக்கு ஒரு பங்கு என எரிபொருள் இருக்கிறதா? திரும்பும் நேரம் கரையில் உள்ள ஒருவருக்குத் தெரியுமா? கடலில் இடர் நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவற்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதையும் சொல்லியனுப்புங்கள்.

காற்று மாறினால் "திரும்புவோம்" என்று முதலில் சொல்பவனைக் கோழை என நகைப்பது இளைஞர் வழக்கம். அவனே அப்படகில் உள்ள மெய்யான நண்பன் என்று உங்கள் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.