அந்த பிரஷ் கடைசியாக யார் முகத்தில் இருந்தது?

கல்யாண மண்டபத்தில் மணப்பெண் அறைக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது புடவையை அல்ல, ஒப்பனைப் பெட்டியை. பவுடர் பிரஷ் நுனி பழுப்பேறி, கண்ணுக்குப் போடும் சின்ன பிரஷ் குச்சி மாதிரி விறைத்து நின்றால், “எனக்கு வேண்டாம்மா, நானே போட்டுக்கிறேன்” என்று நழுவிவிடுவேன். வானொலியில் வேலை செய்பவளுக்கு முகத்தைப் பற்றி இவ்வளவு அலட்டலா என்று தோழிகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். தோல் என்னுடையது.

பிரஷில் ஒட்டுவது பவுடர் மட்டுமில்லையே. முகத்து எண்ணெய், வியர்வை, உதிர்ந்த தோல் எல்லாம் சேர்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த பிரஷை ஜிப் பைக்குள் போட்டு மூடினால், கிருமிக்குச் சாப்பாடும் கொடுத்து வீடும் கொடுத்த மாதிரிதான். பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயன்பாட்டில் இருந்த 467 ஒப்பனைப் பொருள்களைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். வகையைப் பொறுத்து 79 முதல் 90 சதவீதம் வரை பாக்டீரியா இருந்தது. எல்லாவற்றிலும் மோசம், ஃபவுண்டேஷன் தடவும் ஸ்பாஞ்ச். 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. 64 சதவீதம் தரையில் விழுந்த பிறகும் முகத்துக்குப் போனவை!

நம் முகத்துக் கிருமி நம்மிடமே இருந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. உடைந்த பருவோ கண்ணோ என்றால்தான் சிக்கல். ஆனால் ஒரே பிரஷ் பல முகங்களுக்குப் போகும்போது கண் நோயும், உதட்டுக் கொப்புளமும், சீழ்க்கட்டியும்கூடப் பயணம் செய்யலாம். கல்யாணத்துக்கு முதல் நாள் அப்படி ஒன்று வந்தால் எந்த கன்சீலரும் உதவாது.

ஜெஞ்சாரோமில் எனக்குத் தெரிந்த ஓர் ஒப்பனைக் கலைஞர் இருக்கிறார். தாமான் வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. முகூர்த்த ஞாயிறு என்றால் விடியற்காலையில் கிள்ளானில் மணப்பெண், சாயங்காலம் பந்திங்கில் வரவேற்பு. அதற்காகவே மூன்று செட் பிரஷ் வைத்திருக்கிறார். “விலை எவ்வளவு, புடவை கட்டி விடுவீங்களா, கொண்டை சேர்த்தான்னு கேட்பாங்க தங்கச்சி. பிரஷ் கழுவினீங்களான்னு ஒருத்தர்கூட கேட்டதில்ல” என்றார்.

மலாய் வாடிக்கையாளர்கள் மட்டும் இது என்ன முடி என்று கேட்பார்களாம். பன்றி, நாய் ஆகியவற்றின் எந்தப் பாகத்தில் செய்த பொருளானாலும் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு உத்தரவே இருக்கிறது. 2017இல் கடைகளில் பெயிண்ட் பிரஷ்களைக்கூடப் பறிமுதல் செய்தார்கள். அக்கா கோபித்துக்கொள்வதில்லை, செயற்கை முடிதான் என்று காட்டிவிடுகிறார். அப்படியிருக்க, நமக்கு மட்டும் ஏன் வாய் வருவதில்லை? தெரிந்தவர், சொந்தக்காரப் பெண், விலையும் குறைத்திருக்கிறார் என்ற தயக்கம்தான். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்டால் சங்கடம். முன்பணம் கட்டும்போதே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள். மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தும் குச்சியா, லிப்ஸ்டிக்கைத் தட்டில் எடுத்துப் போடுவீர்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல கலைஞர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

வீட்டில் கழுவுவது பெரிய வித்தையில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளங்கையில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு. முடி கீழ்நோக்கி இருக்கட்டும். முடியையும் கைப்பிடியையும் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்குள் தண்ணீர் இறங்கினால் பசை விட்டு முடி கொட்டும். நல்ல பிரஷ்கள் பாதி இப்படித்தான் சாகின்றன. ஃபவுண்டேஷன், லிப்ஸ்டிக் பிரஷ்ஷுக்கு முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பிசுக்கைக் கரைத்துவிட்டு, பிறகு சோப்பு. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, துணியில் ஒற்றி, மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டியிருக்கும்படி படுக்க வைத்துக் காற்றில் காய விடுங்கள். குவளையில் நிமிர்த்தி வைக்காதீர்கள். குளியலறையிலும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது.

ஒப்பனைத் தொழில் செய்பவர்களுக்கு இன்னொன்று. கழுவிக் காய்ந்த பிரஷ்ஷுக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளிக்கலாம். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், அது சட்டென்று ஆவியாகிவிடும். 70இல் இருக்கும் தண்ணீர்தான் மருந்து கிருமிக்குள் இறங்க உதவுகிறது. அழுக்கு பிரஷ்மேல் தெளிப்பதில் மட்டும் பயனில்லை. பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தால் தெளிக்கவே வேண்டாம்.

தண்ணீர் நிற்கும் என்று அறிவிப்பு வந்தால் முதல் நாள் இரவே வாளியெல்லாம் நிரப்புகிறோம் அல்லவா? அப்போதே பிரஷ்களையும் அலசிவிடுங்கள். அடர்த்தியான பிரஷ் காய ஒரு முழு இரவு வேண்டும்.