இடம் கூடும், எடை கூடாது

மின்சார மினி டிரக் வாங்குகிறவர் ஷோரூமிலிருந்து நேரே போகும் இடம் பல சமயம் பாடி கட்டும் பட்டறைதான். பக்கப் பலகைகளை ஓரடி உயர்த்த வேண்டும். கேபின் தலைமேல் ஒரு கேரியர் வேண்டும். பின்கதவைச் சங்கிலியில் தொங்கவிட்டு அதன்மேலும் சரக்கு வைக்க வழி வேண்டும். சேஸிஸ் ஓரமாக அடியில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. டீசல் வண்டிகளுக்குக் காலம் காலமாகச் செய்துவரும் வேலை இது. மின்சார வண்டிக்கும் அதே பட்டறை, அதே வெல்டிங். கணக்கு மட்டும் வேறு.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. தில்லியில் சரக்கு வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் நுழையக் கூடாத சாலைகள் சுமார் 250 உண்டு. 2021ல் மின்சாரச் சிறு வண்டிகளுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்குக் கிடைத்தது. டீசல் வண்டி ஊருக்கு வெளியே காத்து நிற்கும் நேரத்தில் மின்சார வண்டி கடை வாசலில் சரக்கை இறக்கிவிடலாம். சொந்தமாக வண்டி வாங்கி ஓட்டுகிறவருக்கு டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வங்கித் தவணையோ மாதம் தவறாமல் வருகிறது. ஒரு நடையில் இன்னும் பத்துப் பெட்டி ஏறினால் தவணை சுலபமாகும் என்று நினைப்பது இயல்பு.

ஆனால் பெட்டி ஏறுவது வேறு, எடை ஏறுவது வேறு. 2005ல் டாடா ஏஸ் வந்தபோது வடக்கே அதை 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். தமிழ்நாட்டில் அது 'குட்டி யானை'. அதன் மின்சார வடிவம் 2022ல் அறிமுகமானது. அதில் ஏற்றக்கூடிய சுமை 600 கிலோ. பேட்டரியில் அடங்கும் மின்சாரம் 21.3 யூனிட். டீசல் வண்டியின் டாங்கில் முப்பது லிட்டர் நிரப்பினால் எடை 25 கிலோதான். ஓட ஓட அதுவும் குறைகிறது. பேட்டரி நூறு கிலோவுக்கு மேல். அது நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் எடை ஒன்றே. வண்டியின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அதில் பேட்டரி தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தைத்தான் சரக்கும், புதிதாகப் பொருத்தும் பெட்டியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெட்டி எவ்வளவு எடை இருக்கும்? ஏழு அடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி உயரத்தில் இரும்புத் தகட்டால் ஒரு மூடிய கூண்டு கட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் கூரையும் சேர்ந்து 155 சதுர அடி. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. ஆக, தகடு மட்டுமே 113 கிலோ. சட்டம், கீல், தாழ்ப்பாள், பெயிண்ட் எல்லாம் தனி. 600 கிலோ ஏற்றக்கூடிய வண்டியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, ஒரு பெட்டிகூட ஏற்றாமலே போய்விட்டது. ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு என்றால் இதே கூண்டுக்கு 58 கிலோ போதும். செலவு அதிகம். ஆனால் மிச்சமாகும் 55 கிலோ ஒவ்வொரு நடையிலும் கூலியாகத் திரும்பி வரும்.

கூண்டு தேவையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கம்பெனியே 208 கன அடி கண்டெய்னரோடு ஏஸ் ஈ.வி.யை அறிமுகப்படுத்தியது. 600 கிலோவை 208ஆல் வகுத்தால் கன அடிக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்த மூன்று கிலோதான் எல்லைக்கோடு. சதர் பஜாரிலிருந்து போகும் பிளாஸ்டிக் பொம்மை, சிப்ஸ் பாக்கெட், பொரி மூட்டை போன்றவற்றில் இடம்தான் முதலில் தீரும், எடை மிச்சமிருக்கும். இவற்றுக்குக் கூடுதல் இடம் உண்மையான லாபம். ஆசாத்பூர் மண்டியின் உருளைக்கிழங்கு கன அடிக்கு 15 கிலோவைத் தாண்டும். தண்ணீர் 28 கிலோ. இருபது லிட்டர் கேன் முப்பது ஏற்றினால் 600 கிலோ முடிந்தது. ஏழுக்கு ஐந்தடித் தளத்தில் ஓர் அடுக்கு நிறைவதற்குள்ளேயே சுமை நிறைந்துவிடும். தண்ணீர் கேன்காரர் பலகையை உயர்த்துவது அடுத்த அடுக்கு ஏற்றத்தான். அதாவது, வரம்பை மீறத்தான்.

சரக்கு லேசானதாக இருந்து, உயரமாகக் கட்டினாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் காற்றை மோதுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நகரத்துக்குள் மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் ஊர்ந்தால் இது பெரிதாகத் தெரியாது. அதே வண்டி சோனிபட் வரை நெடுஞ்சாலையில் அறுபதில் போனால் தெரியும். 2022ல் வந்த ஏஸ் ஈ.வி.க்குச் சான்றிதழ் தரும் தூரம் 154 கிலோமீட்டர். அது சோதனையில் கிடைத்த எண். கேரியரும் படபடக்கும் தார்ப்பாயும் சேர்ந்த எண் அல்ல. டீசல் வண்டிக்காரர் வழியில் பத்து லிட்டர் போட்டுக்கொள்வார். மின்சார வண்டிக்காரர் சார்ஜ் ஏற நிற்கும் நேரத்தில் ஒரு நடையை இழப்பார்.

பின்னால் நீட்டுவது இன்னும் ஆபத்து. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.1 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து 70 சென்டிமீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், பின் அச்சின்மேல் 133 கிலோ விழும். மீதி 33 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து. ஏற்றம் ஏறும்போதும் மழையில் திரும்பும்போதும் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காததன் காரணம் அதுதான். பட்டறைக்காரர் பின் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் சேர்த்துத் தருவார். வண்டி தாழாது, நிமிர்ந்து நிற்கும். பிரேக்கும் டயரும் அச்சும் பழையவைதான்.

வெல்டிங்கில் இருக்கும் ஆபத்து டீசல் மெக்கானிக்கின் பழக்கத்துக்குப் புதிது. மின்சார வண்டியின் அடியில் ஆரஞ்சு நிற உறையோடு ஓடும் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கடத்துபவை. அவை போகும் பாதை தெரியாமல் டிரில் வைப்பது உயிரோடு விளையாடுவது. இணைப்பைத் துண்டிக்காமல் சேஸிஸில் வெல்டிங் வைத்தால் மின்னணுக் கருவிகள் கெடலாம். பேட்டரிக் கூட்டின்மேல் ஒரு துளை போட்டால் தண்ணீர் புகாத பாதுகாப்பும் போயிற்று, வாரண்டியும் போயிற்று. அடியில் தொங்கும் பெட்டி வேகத்தடையில் இடித்தால் அந்த அடி அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும், அதன் வழியே அருகில் உள்ளவற்றுக்கும் போகும்.

இடம் தானாகக் கிடைத்த உதாரணமும் உண்டு. 2022ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப்பில் என்ஜின் இருந்த பானெட்டுக்குள் 400 லிட்டர் கொள்ளும் அறை. அதில் 180 கிலோ வரை வைக்கலாம். 2021ல் வந்த ரிவியன் ஆர்1டி வண்டியில் பின் இருக்கைக்குப் பின்னால் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை ஒரு சுரங்க அறை. ஒட்டவைத்த பெட்டிகள் அல்ல இவை. வரைபடத்திலேயே எடைக் கணக்கோடு வந்தவை. இந்திய மினி டிரக்கில் பானெட்டே கிடையாது. டிரைவர் வண்டியின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறார். அந்த இலவச இடம் இங்கே இல்லை.

சட்டமும் கவனிக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சரக்கு அளவை மீறிப் பக்கத்திலோ பின்னாலோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000. விபத்து நேர்ந்தால், சொல்லாமல் செய்த மாற்றம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கைகொடுக்கும், உரிமையாளருக்கு அல்ல.

ஆக, கூடுதல் இடம் வேண்டுகிறவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. கூண்டு கட்டுவதானால் அலுமினியத்தில், கேபின் உயரத்தை ஒட்டி, கம்பெனி அனுமதித்த போல்ட் துளைகளில் பொருத்தி, ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ளலாம். பார்சல் வேலைக்குக் கூண்டை உயர்த்துவதைவிட உள்ளே மடக்கு அலமாரி வைப்பது மேல். கீழ்ப் பெட்டி நசுங்காது. கடைசியில் இறக்க வேண்டியது முன்னால் நின்று மறிக்காது. பாரமான சரக்குத்தான் தொழில் என்றால் கூண்டு எதுவும் உதவாது. பெரிய வண்டிதான் விடை. 2024ல் ஏஸ் ஈ.வி.யிலேயே ஒரு டன் ஏற்றும் மாடல் வந்துவிட்டது.

பட்டறைக்குப் போகும் முன் ஒரு முறையும், வேலை முடிந்த பின் ஒரு முறையும் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குவது நல்லது. இரண்டு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிலோவோ, அத்தனை கிலோ சரக்கை அந்த உரிமையாளர் இனி ஒவ்வொரு நடையிலும் ஏற்ற முடியாது. அந்த எண்ணைப் பார்த்த பிறகும் கூண்டு வேண்டும் என்றால், அவருடைய சரக்கு அநேகமாகப் பொரியாகத்தான் இருக்கும்.