ஈர நெல் அம்பாரமும் கல்பாக்கத்துத் தட்டும்

அணு உலையைப் பற்றி இயற்கை விவசாயப் பத்திரிகையில் எதுக்கு எழுதணும்னு நண்பர்கள் கேட்கலாம். 5 சென்டிமீட்டர் மேல் மண்ணுக்காகத்தான். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலைகள் உருகின பிறகு, கதிரியக்கம் படிந்த வயல்களில் அந்த அளவு மேல் மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். நாம தக்கைப்பூண்டு மடக்கி உழுது, அமுதக்கரைசல் விட்டு, பத்து வருஷமா உயிர் ஏத்துற மண் அதுதானே! 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் நிலம் உப்பானபோது நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மீட்க வழி காட்டினார். உப்பு மழையில் கரையும், பசுந்தாளுக்கு அடங்கும். சீசியம் 137 அப்படி இல்லை. பாதியாகக் குறையவே 30 வருஷம்.

அங்கே மூன்று உலைகளில் உருகிய எரிபொருள், இரும்பும் கான்கிரீட்டும் கலந்து, சுமார் 880 டன் இன்னும் உள்ளேயே கிடக்கிறது. 2024 நவம்பரில் முதல் முறையாக வெளியே எடுத்த மாதிரி 1 கிராம்கூட இல்லை. ஏன் இவ்வளவு தயக்கம்? கதிர்வீச்சு ஒரு காரணம். இன்னொன்று, கிளறும்போது தொடர்வினை மறுபடி பற்றிக்கொள்ளக் கூடாதே என்ற கவலை. இதைத்தான் விஞ்ஞானிகள் கிரிட்டிகாலிட்டி என்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த கணக்குதான் இது. குறுவை அறுப்பில் மழை பிடிச்சுக்கிட்டா, கொள்முதல் நிலையத்து வாசலில் ஈர நெல்லைக் குவிச்சு வெச்சுக் காத்துக் கிடக்கிறோம். அம்பாரத்துக்குள்ள கையை விட்டா சுடும். அதையே களத்தில் பரத்தி விட்டா ஆறிடும். யுரேனியத்தில் நடப்பது வேறு வினை. ஆனாலும் அங்கேயும் குவியலும் ஈரமும்தான் விஷயம். ஒரு அணு பிளந்து வெளிவரும் நியூட்ரான் அடுத்த அணுவைப் பிளக்கணும். பரவிக் கிடந்தால் வெளியே ஓடிப்போகும். நெருங்கிக் கிடந்து, நடுவில் தண்ணீரும் பதமான அளவில் இருந்தால், பிடிச்சுக்கும். 1999இல் ஜப்பானின் டோக்காய் ஊரில், உலையே இல்லாத ஒரு ஆலையில், யுரேனியக் கரைசலை வாளியால் ஒரே தொட்டியில் ஊற்றினார்கள். தொடர்வினை பற்றிக்கொண்டது. இரண்டு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

அதே டோக்காயில் இப்போது ஸ்டேசி என்ற சோதனை உலை ஓடுகிறது. எரிபொருள் கம்பிகளுக்கு நடுவே கான்கிரீட், இரும்புக் கம்பிகளை நட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த உயரத்தில் தொடர்வினை பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். மாற்றிக் கட்டிய இந்த உலை 2024இல்தான் இயங்க ஆரம்பித்தது. விபத்து நடந்து 13 வருஷம் கழித்து!

கல்பாக்கத்துக்கு வருவோம். நம்ம வங்கக் கடற்கரைதான். நாகையை அடித்த அதே அலை, அங்கே அதிவேக ஈனுலைக்குத் தோண்டிய அஸ்திவாரக் குழியையும் நிரப்பியது. 500 மெகாவாட் உலை. 2024 மார்ச்சில் உலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை தொடங்கியதைப் பிரதமர் நேரில் வந்து பார்த்தார். இதில் தண்ணீர் கிடையாது, சோடியம்தான் சூட்டை வாங்கும். எரிபொருளும் செறிவானது. உருகி ஒன்றாகக் குவிந்தால் தொடர்வினை கூடக்கூடிய வகை. அதனால் அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். உருகி விழுவது களத்து நெல் மாதிரி பரவி ஆறணும், அம்பாரமாகக் கூடாது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சோடியத்துக்குள் உருகிய பொருளை விட்டுச் சோதனைகளும் செய்திருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் உலையில் இருப்பது 181 எரிபொருள் கட்டுகள். தட்டு வடிவமைக்கப்பட்டது 7 கட்டுகள் உருகினால் தாங்குவதற்கு. அதற்குள் கருவிகள் கண்டுபிடித்து உலையை நிறுத்திவிடும் என்பது அவர்கள் கணக்கு. இருக்கலாம். இருந்தாலும் வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவனுக்குக் கேள்வி வரத்தான் செய்யும். ஒரு லட்ச ரூபாய் பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல், காப்பீடு எல்லாம் கேட்டு, "மகசூல் பொய்ச்சா எப்படிக் கட்டுவீங்க?" என்று துருவுவோம். 3,492 கோடியில் ஆரம்பித்து 5,677 கோடியையும் தாண்டிய உலையிடம் அதே கேள்வியை யார் தமிழில் கேட்டார்கள்? சோதனை முடிவெல்லாம் ஆங்கில ஆய்விதழ்களில் இருக்கிறது. செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கத்து உழவர் அதை எங்கே போய்ப் படிப்பார்?

ஆதரவா எதிர்ப்பா என்பது அவரவர் முடிவு. கணக்கைக் காட்டச் சொல்வதில் நமக்குள் இரண்டு கருத்து வேண்டாம் என்பேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி வைத்திருக்கிறேன், பத்து ரூபாய் கட்டணத்தோடு. கேட்டிருப்பது மூன்று. 7 கட்டு என்ற எண்ணிக்கைக்கு ஆதாரமான சோதனைகளின் சுருக்கம், தமிழில். அதற்கு மேல் உருகினால் குவியுமா பரவுமா என்று செய்த ஆய்வுகளின் பட்டியல். மேல் மண்ணைச் சுரண்ட வேண்டி வந்தால் ஏக்கருக்கு என்ன மதிப்பு என்று எங்காவது கணக்குப் போட்டிருந்தால், அதன் நகல்.