பெயர்ப்பலகையும் பெயருரிமையும்

வெறுங்கையால் முழம் போட முடியாது என்பார்கள். மும்பைக்கு வந்து அதைப் போட்டுக் காட்டியவர்கள் மாட்டுங்காவிலும் தாராவியிலும் கடை வைத்த நம்மவர்கள். அவர்களைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். அவர்களுடைய கடைப் பத்திரங்கள் எந்நிலையில் இருக்கின்றன என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தில் கடையின் பெயர் மராத்தியில், தேவநாகரி எழுத்தில் இருத்தல் வேண்டும். பிறமொழி எழுத்து அதைவிடப் பெரிதாதல் கூடாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளுக்கும் 2022-ஆம் ஆண்டில் இவ்விதி வந்தது. வணிகர்கள் வழக்காடினார்கள். இரண்டு மாதங்களுக்குள் பலகையை மாற்றும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இது மொழித் திணிப்பு என்று நண்பர்கள் சிலர் குமுறுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். தமிழ்நாட்டுக் கடைப்பலகையில் தமிழுக்கே முதலிடம் என்பது அங்குள்ள விதி. சென்னையில் நியாயமாகத் தோன்றுவது மும்பையில் அநியாயமாகிவிடுமா? மராத்திக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட்டு, அருகே தமிழையும் எழுதலாம், சட்டம் தடுக்கவில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மாநகராட்சி உரிமம் வாங்கியாயிற்று, கடைச் சட்டப்படி தெரிவித்தாயிற்று, ஆகவே பெயர் நம்முடையதே என்று பலர் நிம்மதியாக உறங்குகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. கடைச் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் கவனிப்பது. உணவு உரிமம் சுகாதாரத்தைக் கவனிப்பது. பெயரைக் காப்பது 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம். அதன்படி செய்யும் பதிவு பத்தாண்டு செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பதியாதவருக்கும் வழக்கு உண்டு. ஆனால் அப்பெயரை முன்னரே வழங்கி, அதற்கு மதிப்புத் தேடியவர் தாமே என்று பழைய ரசீதுகளைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டும். இருபதாண்டு ரசீதுகளை எந்தச் சிறு கடைக்காரர் கட்டி வைத்திருக்கிறார்?

அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்தும் கடையின் கதை இன்னும் இரங்கத்தக்கது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் பதியாத கூட்டு, ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வெளியார்மீது வழக்குத் தொடுப்பதற்கில்லை. வெளியார் அதன்மீது தொடுக்கலாம்!

இவையெல்லாம் சட்டம் பயிலும் நம் நண்பர்களுக்குப் பாலபாடம், கடைக்காரருக்கோ காடு. படிவங்கள் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இருக்கின்றன. நம் பெரியவர்கள் பலர் படித்தது தமிழ். ஆகவே மாதம் ஒரு ஞாயிறு, சங்க மாணவர்கள் நால்வர் இக்கடைகளுக்குச் சென்று படிவங்களை நிரப்பித் தரவேண்டும் என்கிறேன். சட்ட நுணுக்கம் வேண்டுமிடத்தில் வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லலாம்.

பொங்கல் விழா வந்தால் ரசீதுப் புத்தகத்துடன் அக்கடைகளின் படியேற நாம் தவறுவதில்லை. நன்கொடை வாங்கிய கை, நாலு படிவம் எழுதிக் கொடுத்தால் தேய்ந்துவிடாது.