வண்டி வைத்தியம்: மூன்றாவது பேட்டரி வாங்கும் முன்...

காரைக்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் புல்லட், ஐந்து மாதத்துக்குள் இரண்டு பேட்டரியைத் தின்றுவிட்டது. 90-களில் வாங்கிய வண்டி. கிக்கர் மட்டும்தான், செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. கடைசியாக தேவகோட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, முதலில் இண்டிகேட்டர் சிமிட்ட மறந்தது. ஹாரன் கரகரத்தது. பிறகு என்ஜின் விக்கி விக்கி, தெருவிளக்கு இல்லாத இடத்தில் நின்றேவிட்டது. பின்சீட்டில் மனைவி. "இத வித்துட்டு மறுவேலை பாருங்க" என்று அவர் சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் மூன்றாவது பேட்டரி கேட்டுத்தான் ஆசிரியர் மெக்கானிக்கிடம் போனார்.

"பேட்டரி கெட்டுப்போச்சுன்னு யார் சார் சொன்னது? முதல்ல சார்ஜ் ஏறுதான்னு பார்ப்போம்" என்றார் மெக்கானிக்.

பழைய புல்லட்டில் ஸ்பார்க் வருவதற்கே பேட்டரி கரன்ட் வேண்டும். காயில், பாயின்ட் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பி நிரப்பியபடி இருக்கவேண்டும். நிரப்புவது குறைந்தால், புதுப் பேட்டரியும் சில வாரம் தாக்குப்பிடித்துவிட்டுக் காலியாகும். அரைகுறை சார்ஜில் கிடக்கக் கிடக்க உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். அப்புறம் அது நிஜமாகவே கெட்ட பேட்டரிதான். கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார், கதை மறுபடி ஆரம்பிக்கும்.

கையில் இருந்த பேட்டரியை இரவு முழுக்க சார்ஜரில் போட்டார்கள். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் அரை ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்றுவதே நல்லது. அவசரப்பட்டு கார் சார்ஜரில் கொதிக்கவிடக்கூடாது. காலையில் சார்ஜரைக் கழற்றி, இரண்டு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட். பேட்டரி பிழைத்துக்கொண்டது.

அடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைப் பாதி திருகி, பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வைத்தார் மெக்கானிக். 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்டவேண்டும். 12.3-ஐத் தாண்டவில்லை. (15-ஐத் தாண்டினால் அது எதிர்ப்பக்க வியாதி. ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை என்று அர்த்தம். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்புகள் ஃபியூஸ் போகும்.)

சார்ஜ் எங்கே தடைபடுகிறது? ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் ஒயரின் கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி வைத்தார். ஆக்சிலேட்டரைத் திருகத் திருக எண் ஏறியது. என்ஜினை அணைத்து, அந்த ஒயர்களுக்கும் வண்டி பாடிக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அப்படியென்றால் உள்ளே இருக்கும் காயில் கட்டு நன்றாக இருக்கிறது. செயின் கவரைப் பிரிக்கும் வேலை மிச்சம்.

"ரெகுலேட்டரை மாத்திடலாமா?" என்று கேட்டார் ஆசிரியர்.

மெக்கானிக் பதில் சொல்லாமல், கழற்றிய கப்ளரை அவர் கையில் கொடுத்தார். வெள்ளை பிளாஸ்டிக், ஒரு மூலையில் பழுப்பேறி உருகியிருந்தது. உள்ளே பித்தளை கிளிப்பில் பச்சைக் களிம்பு. இத்தனை நாளும் பாதி கரன்ட் அந்த இடத்திலேயே சூடாகி வீணாகிக்கொண்டிருந்தது. கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புது கிளிப்புகளை அழுத்திப் பொருத்தி, புதுக் கப்ளர் மாட்டினார். ரெகுலேட்டர் போல்ட்டின் கீழே துருவைச் சுரண்டி எர்த்தையும் சரிசெய்தார். மறுபடி ஸ்டார்ட். 14.1 வோல்ட். ஒரு புதுப் பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

சில ஊர்களில் இன்னும் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, என்ஜின் நிற்கிறதா என்று பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். வோல்டேஜ் எகிறி, நன்றாக இருக்கும் ரெகுலேட்டரும் அதோடு போய்விடும்.

ஆசிரியருக்கு ஒரே ஒரு வருத்தம். புல்லட்டின் ஹெட்லைட் மண்டையில் ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. தினமும் காலையில் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, அந்த முள்ளைப் பார்த்துத்தான் அவர் கிக்கரை உதைப்பார். ஸ்டார்ட் ஆனதும் கண்ணை எடுத்துவிடுவார். வேகத்தில் போகும்போது முள் வலப்பக்கம் சாய்ந்து, பேட்டரி நிறைந்ததும் மெல்ல நடுவுக்கு வரவேண்டும். அவர் வண்டியில் அது பல வாரமாக இடப்பக்கமே படுத்துக் கிடந்திருக்கிறது.

"மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை கப்ளரைக் கழட்டிப் பாருங்க சார், பச்சை பூத்திருந்தா கொண்டாங்க" என்று சொல்லி, பழைய கப்ளரைக் குப்பைக் கூடையில் போட்டார் மெக்கானிக். ஆசிரியர் குனிந்து அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் காட்டவேண்டுமாம்.